128 பைட்டுக்குள் ஓர் உலகம்: ஜே மைனரின் வாழ்க்கை

சான்டா கிளாரா, சன்னிவேல், லாஸ் கேட்டஸ், மவுண்டன் வியூ. பே ஏரியாவில் இருக்கும் நம்மில் பலருக்கு வீடு, வேலை, பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி எல்லாமே இந்த ஊர்களைச் சுற்றித்தான். இதே ஊர்களில் தன் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்து, 1994ஆம் ஆண்டு மவுண்டன் வியூவில் காலமானவர் ஜே மைனர். சிப் வடிவமைப்பாளர்களிடமும் பழைய கணினி ஆர்வலர்களிடமும் அவர் மிகப் பெரிய பெயர். நம் வீடுகளில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் நம் பிள்ளைகள் கையில் இருக்கும் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெட்டிக்குச் சக்தி குறைவு, விலையை ஏற்ற முடியாது, ஆனாலும் திரையில் படம் நன்றாக வர வேண்டும் என்றால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு முதன்முதலில் விடை தேடியவர்களில் அவர் ஒருவர்.

அரிசோனாவிலிருந்து பெர்க்லி வரை

ஜே கிளென் மைனர் 1932 மே 31 அன்று அரிசோனா மாநிலத்தின் பிரெஸ்காட் நகரில் பிறந்தார். சில ஆண்டுகளில் குடும்பம் தெற்கு கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தது. உயர்நிலைப் பள்ளி முடிந்ததும் அவர் நேராகக் கல்லூரிக்குப் போகவில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் சேர்ந்தார். கனெக்டிகட் மாநிலத்தின் குரோட்டனில் கிடைத்த மின்னணுப் பயிற்சிதான் அவர் பாதையைத் தீர்மானித்தது. அங்கேதான் கேரலைனைச் சந்தித்தார். 1952இல் திருமணம் நடந்தது. பிறகு சில ஆண்டுகள் வட அட்லாண்டிக் வானிலைக் கண்காணிப்புப் பணியில் ரேடியோ ஆபரேட்டர் வேலை.

இவ்வளவும் முடிந்த பிறகே பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படிக்க வந்தார். 1958இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 26. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கவுன்சிலிங், நான்கு ஆண்டுப் பட்டம், உடனே எம்.எஸ். என்று வரிசை மாறாமல் வந்த நமக்கு இது தாமதமான தொடக்கமாகத் தோன்றலாம். ஆனால் அவர் படித்து முடித்த நேரம் சரியான நேரம். சாந்தா கிளாரா பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்கள் மெல்ல மெல்ல சிலிக்கான் பள்ளத்தாக்காக மாறிக்கொண்டிருந்தன.

1964இல் ஜெனரல் மைக்ரோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். மாஸ் வகை சிப்புகளைக் கொண்டு முதன்முதலாக வந்த மேசைக் கால்குலேட்டரின் வேலையில் அங்கே அவருக்குப் பங்கு இருந்தது. பிறகு சில சிப் நிறுவனங்களில் வேலை. 1973இல் சினர்டெக் என்ற சிப் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஒரு பலகை நிறைய இருக்கும் சுற்றுகளை ஒரே சிப்புக்குள் அடக்குவது எப்படி என்பதுதான் இந்த ஆண்டுகள் முழுவதும் அவர் கற்ற பாடம்.

டிவிக்குப் படம் நெய்த சிப்

1972இல் பாங் விளையாட்டால் புகழ்பெற்ற அட்டாரி நிறுவனத்துக்கு 1975வாக்கில் ஒரு கவலை இருந்தது. வீட்டு டிவியில் விளையாடும் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விளையாட்டுத்தான். மக்களுக்கு அது சலித்ததும் பெட்டி பரணுக்குப் போய்விடும். கார்ட்ரிட்ஜ் மாற்றினால் விளையாட்டும் மாற வேண்டும். அதற்கு உள்ளே ஒரு நிஜமான கணினி வேண்டும். சியரா மலையடிவாரத்தில் கிராஸ் வேலி என்ற சிற்றூரில் அட்டாரிக்காக வேலை செய்த ஸ்டீவ் மேயரும் ரான் மில்னரும் முதல் மாதிரியை உருவாக்கினார்கள். பெர்க்லியில் படித்த இளைஞர் ஜோ டெகுயர் வந்து சேர்ந்தார். திட்டத்துக்கு ஸ்டெல்லா என்று பெயர்; டெகுயரின் சைக்கிளின் பெயர் அது. மாதிரியை விற்கத்தக்க சிப்பாக மாற்ற அனுபவம் உள்ள ஒருவர் தேவைப்பட்டபோது, சினர்டெக்கில் இருந்த மைனரை அட்டாரி அழைத்துக்கொண்டது.

அன்று மெமரி மிக விலை உயர்ந்த சரக்கு. 200 டாலர் அளவில் விற்க வேண்டிய பெட்டிக்கு 128 பைட் மெமரிதான் கட்டுப்படியானது. கிலோபைட் இல்லை, வெறும் பைட். இன்றைய யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் வேண்டும். அப்படியானால் 128 பைட்டில் 42 குறிகள் அடங்கும். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் ஒரு சின்ன வரிக்கே சரியாகிவிடும். அந்த இடத்துக்குள் விளையாட்டின் முழு நிலையும் இருக்க வேண்டும்: யார் எங்கே நிற்கிறார், எத்தனை புள்ளி, எத்தனை உயிர் மிச்சம்.

படத்துக்கு எங்கே இடம்? அகலத்தில் 160 புள்ளிகள், உயரத்தில் சுமார் 192 கோடுகள் என்றால் மொத்தம் 30,720 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் கறுப்பா வெள்ளையா என்று மட்டும் குறித்து வைத்தாலும் 3,840 பைட் ஆகும். கையில் இருப்பது 128. எனவே படத்தை மெமரியில் வைப்பது என்ற யோசனையையே கைவிட்டார்கள்.

அதற்குப் பதில் அவர்கள் செய்ததை நம் ஊர்த் தறியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நெசவாளரிடம் முழுச் சேலையின் படம் துணியாக எங்கும் தயாராக இருப்பதில்லை. ஒவ்வொரு ஊடு இழையாக ஓட்டும்போதுதான் அது துணியாகிறது. ஓடிய இழையை அப்புறம் மாற்ற முடியாது. பழைய டியூப் டிவியும் அப்படித்தான். ஒரு மின் கதிர் இடமிருந்து வலமாக ஒரு கோடு, அடுத்து அதற்குக் கீழே ஒரு கோடு என்று நொடிக்கு 60 முறை திரையை நிரப்பும். மைனரும் டெகுயரும் செய்த சிப் ஒரே ஒரு கோட்டுக்கான விவரத்தை மட்டும் வைத்திருந்தது. இரண்டு ஆட்டக்காரர் உருவங்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து, பின்னணிக்கு 20 பிட். அந்த 20 பிட்டும் திரையின் இடது பாதிக்கு மட்டும்; வலது பாதியில் அதே வடிவம் திரும்ப வரும், அல்லது கண்ணாடிப் பிம்பமாக வரும். அடுத்த கோடு தொடங்குவதற்குள் விளையாட்டின் நிரல் இந்த விவரங்களை மாற்றிவிட வேண்டும்.

ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் நேரம் பிராசஸரின் கணக்கில் 76 சுழற்சிகள். ஒரு கட்டளைக்குக் குறைந்தது இரண்டு சுழற்சி ஆகும் என்பதால், சுமார் இருபது முப்பது கட்டளைகளுக்குள் வேலை முடிய வேண்டும். மொத்தம் 262 கோடுகளில் படம் வருவது 192இல். மீதி 70 கோடுகள் ஓடும் நேரத்தில்தான் புள்ளிக் கணக்கு, எதிரியின் அசைவு எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும். அதே சமயம், இரண்டு உருவங்கள் மோதிக்கொண்டனவா என்பதைச் சிப்பே கண்டு சொல்லிவிடும். நிரலுக்கு அந்தச் சுமை இல்லை. எதை நிரலுக்கு விடுவது, எதைச் சிலிக்கானில் போடுவது என்ற இந்தத் தீர்ப்பில்தான் மைனரின் கை தெரிகிறது.

1977 செப்டம்பரில் பெட்டி விற்பனைக்கு வந்தது. பின்னாளில் அட்டாரி 2600 என்று உலகம் அறிந்தது இதைத்தான்.

வடிவமைத்தவர்களே நினைக்காதது

டாங்கிச் சண்டையும் பாங்கும் ஆடத்தான் அந்தச் சிப்பைச் செய்தார்கள். இரண்டு ஆட்டக்காரர் உருவம் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. விமானச் சண்டைக்காக ஓர் உருவத்தை மூன்று முறை பக்கம் பக்கமாகக் காட்டும் வசதியும் இருந்தது. 1980இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டை இந்தப் பெட்டிக்கு எழுதிய ரிக் மௌரர் அந்த வசதியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு உருவம், ஒவ்வொன்றும் மூன்று பிரதி, ஆக ஒரு வரிசையில் ஆறு எதிரிகள். கோடு கோடாகக் கீழே வரும்போது அதே இரண்டு உருவங்களை மறுபடி பயன்படுத்தி ஆறு வரிசை. திரையில் 36 எதிரிகள்! அந்த விளையாட்டுக்காகவே மக்கள் பெட்டியை வாங்கினார்கள்.

1979இல் வந்த சதுரங்க விளையாட்டில் ஒரு வரிசைக்கு எட்டுக் காய்கள் வேண்டியிருந்தது. பாப் வைட்ஹெட் ஒரு கோட்டில் ஒன்று விட்டு ஒன்றாக நான்கு காய்களையும் அடுத்த கோட்டில் மற்ற நான்கையும் வரைந்தார். ஜன்னல் பட்டைகள் வழியாகப் பார்ப்பது போல இருந்தாலும், கண் அதைச் சேர்த்துக்கொண்டது. 1982இல் டேவிட் கிரேன் எழுதிய பிட்ஃபால் விளையாட்டில் 255 காட்டுக் காட்சிகள். கார்ட்ரிட்ஜின் மொத்த அளவே 4 கிலோபைட் என்பதால் காட்சிகளைச் சேமித்து வைக்க வழியில்லை. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பிறப்பிக்கும் சிறிய கணித வழியால் ஒவ்வொரு காட்சியையும் அவ்வப்போது உருவாக்கினார்.

எல்லோருக்கும் இது கைகூடவில்லை. அதே 1982இல் வந்த பாக்மேனில் நான்கு பேய்களையும் ஒரே நேரத்தில் காட்ட வழியில்லாமல், ஒரு சுற்றுக்கு ஒரு பேய் என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். பேய்கள் கண் சிமிட்டின. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். சக்தி குறைந்த பெட்டியில் எங்கே சமரசம் செய்வது என்பதில் ஒரு தவறான முடிவு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு அது இன்றும் பாடம்.

இன்னொரு விஷயமும் அங்கே நடந்தது. கோடிக்கணக்கில் பணம் ஈட்டித் தந்த விளையாட்டுகளின் பெட்டியில் எழுதியவரின் பெயர் இல்லை, விற்பனையில் பங்கும் இல்லை. கேட்டவர்களுக்கு மறுப்பே கிடைத்தது. கிரேன், வைட்ஹெட், லாரி கேப்ளன், ஆலன் மில்லர் ஆகியோர் வெளியேறி, 1979இல் ஆக்டிவிஷன் தொடங்கியபோது பின்னணி இதுதான்.

மைனர் அப்போது அட்டாரியின் அடுத்த வேலையில் இருந்தார். 1979இல் வந்த அட்டாரி 400, 800 வீட்டுக் கணினிகளின் சிப்புகளை உருவாக்கிய குழுவுக்கு அவர்தான் தலைமை. அதில் ஒரு முக்கியமான முன்னேற்றம் இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் பிராசஸர் மூச்சு வாங்க ஓடும் நிலை மாறியது. எந்தக் கோட்டில் எந்த வகைப் படம் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டால், தனியொரு சிப் அதைப் படித்து நடத்திக்கொள்ளும். காஞ்சிபுரம் தறியில் ஜக்கார்டு அட்டை வந்தது போல.

வீட்டை அடகு வைத்த பொறியாளர்

அடுத்த கணினிக்கு மோட்டரோலாவின் புதிய 68000 பிராசஸர் வேண்டும் என்று மைனர் விரும்பினார். மேலிடம் இசையவில்லை. அட்டாரியை விட்டு விலகி, பேஸ்மேக்கருக்கான சிப்புகள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்குப் போனார். உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் ஒரே பேட்டரியில் ஓட வேண்டிய சிப் அது. குறைந்ததில் நிறையச் செய்வது அங்கே உயிர் விஷயம்.

1982இல் லாரி கேப்ளனிடமிருந்து அழைப்பு வந்தது. பல் மருத்துவர்கள் சிலர் முதலீடு செய்யத் தயாராக இருந்தார்கள். சான்டா கிளாராவில் தொடங்கிய அந்தச் சிறு நிறுவனம்தான் அமிகா ஆனது. டேவ் மோர்ஸ் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள, மைனர் வன்பொருள் பொறுப்பை ஏற்றார். முதலீட்டாளர்கள் எதிர்பார்த்தது நல்ல ஒரு விளையாட்டுப் பெட்டி. மைனர் மனதில் இருந்தது 68000ஐக் கொண்ட முழுக் கணினி. ராணுவ விமானிகளுக்கான பயிற்சி இயந்திரங்களில் அவர் கண்ட காட்சிகளை வீட்டு மேசைக்குக் கொண்டுவர நினைத்தார்.

1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. முதலீடு வறண்டது. மைனர் தன் வீட்டின் மேல் இரண்டாவது அடமானக் கடன் வாங்கி நிறுவனத்தில் போட்டார். வேலை போனால் விசா என்னாகும், வீட்டுக் கடன் என்னாகும் என்று கணக்குப் போட்டே பழகிய நமக்கு இந்த முடிவின் கனம் புரியும். அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. சிறுநீரகக் கோளாறும் இருந்தது.

சிப்புகள் இன்னும் சிலிக்கானாக மாறவில்லை. நூற்றுக்கணக்கான சிறு சிப்புகளைக் கம்பியால் இணைத்த பெரிய பலகைகளே மாதிரியாக நின்றன. அந்தப் பலகைகளைத்தான் 1984இல் மின்னணுக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். சிவப்பும் வெள்ளையுமான ஒரு பெரிய பந்து திரையில் சுழன்று துள்ளிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் மேசைக்கு அடியில் வேறு பெரிய கணினி ஒளிந்திருக்கிறதோ என்று தேடினார்களாம்.

பணம் தீர்ந்த நேரத்தில் அட்டாரி 5 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. குறித்த நாளுக்குள் திருப்பாவிட்டால் சிப்புகளின் உரிமை அட்டாரிக்கு. கடைசிக் கட்டத்தில் கொமடோர் முன்வந்து, கடனை அடைக்கப் பணம் தந்து, நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. 1985 ஜூலை 23 அன்று நியூயார்க் லிங்கன் சென்டரில் ஓவியர் ஆன்டி வார்ஹோல் மேடையேற அமிகா 1000 அறிமுகமானது. அன்றைய மேக்கின்டோஷ் கறுப்பு வெள்ளை. அமிகாவிடம் 4,096 நிறங்கள்.

அந்த 4,096 நிறங்களுக்குப் பின்னால் மைனரின் சிக்கன மூளை இருக்கிறது. ஒரு புள்ளிக்கு 12 பிட் கொடுத்தால்தான் அத்தனை நிறம் வரும். மெமரி போதாது. எனவே 6 பிட் மட்டும் கொடுத்து, பக்கத்துப் புள்ளியின் நிறத்தை எடுத்துக்கொண்டு அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் மாற்று என்று ஒரு முறை வைத்தார். பாதி மெமரியில் புகைப்படம் போன்ற படம். பின்னால் இது பயனற்றது என்று எண்ணி, சிப்பிலிருந்து எடுத்துவிட அவரே நினைத்தார். எடுத்தால் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும் என்பதால் விட்டுவைத்தார்கள். அமிகாவின் பெயரைப் பரப்பிய வசதிகளில் அதுவும் ஒன்றாயிற்று.

கதிர் திரையில் எந்த இடத்துக்கு வருகிறதோ அந்த இடத்தில் நிறத்தையும் படத்தையும் தானாக மாற்றும் ஒரு சிறு பிரிவும் உள்ளே இருந்தது. 1977இல் நிரல் எழுதுபவர் சுழற்சி எண்ணி எண்ணிச் செய்ததை, 1985இல் சிப்பே செய்தது.

ஒரு மூடிக்குள் இருக்கும் கையெழுத்துகள்

அமிகா 1000 பெட்டியின் மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்பக்கத்தில் குழுவினரின் கையெழுத்துகள் பதிந்திருக்கும். கூடவே ஒரு நாயின் பாதச் சுவடு. மைனரின் செல்ல நாய் மிச்சி தினமும் அவரோடு அலுவலகம் வரும்; அதற்கும் பெயர்ப் பலகை உண்டு. எழுதியவர் பெயரை அட்டைப் பெட்டியில் போட மறுத்த ஒரு தொழிலில், இந்தக் குழு எல்லோர் பெயரையும் அச்சிலேயே வார்த்து வைத்தது.

ஆனால் நிறுவனம் அவர்கள் கையில் இல்லை. கொமடோர் வேலைகளைப் பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டருக்கு மாற்றியது. லாஸ் கேட்டஸ் அலுவலகம் மூடப்பட்டது. மைனர் வெளியேறினார். அவரது சகோதரி தன் சிறுநீரகம் ஒன்றைத் தானமாகத் தந்தார். மறுபடியும் அவர் மருத்துவக் கருவிகளின் பக்கமே திரும்பினார். சன்னிவேலில் இருந்த வென்ட்ரிடெக்ஸ் நிறுவனத்தில், இதயத் துடிப்பு தடம் புரளும்போது அதிர்ச்சி கொடுத்து மீட்கும், உடலுக்குள் பொருத்தும் கருவிக்கான சிப் வேலை.

1994 ஏப்ரல் இறுதியில் கொமடோர் திவாலானது. இரண்டு மாதம் கழியும் முன்னே, ஜூன் 20 அன்று, சிறுநீரகச் செயலிழப்பின் விளைவுகளால் மைனர் மறைந்தார். வயது 62.

இன்றைக்கு என்ன மிச்சம்?

2017இல் வந்த ஸ்விட்சுக்குள் இருப்பது சான்டா கிளாராவில் உள்ள என்விடியாவின் மொபைல் சிப். அதே ஆண்டு டெக்சாஸில் நம் டாலஸ் நண்பர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஐடி சாஃப்ட்வேரின் டூம் விளையாட்டை, ஆஸ்டினில் உள்ள பேனிக் பட்டன் என்ற சிறு குழு ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தது. பெரிய கன்சோல்களில் நொடிக்கு 60 படம் ஓடியது இங்கே 30 ஆயிற்று. காட்சியில் கூட்டம் அதிகமானால் படத்தின் நுணுக்கம் தானாகக் குறையும், கூட்டம் கலைந்தால் ஏறும். 2025இல் வந்த ஸ்விட்ச் 2 இன்னும் ஒரு படி மேலே போகிறது: சிறிய படத்தை வரைந்து, முந்தைய படங்களிலிருந்து விவரம் எடுத்துக்கொண்டு பெரிதாக்குகிறது. பக்கத்துப் புள்ளியிடம் நிறத்தைக் கடன் வாங்கிய மைனரின் முறைக்கு இது தூரத்து உறவு. எதை முழுதாக வரைய வேண்டும், எதைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும் என்று பிரித்தறிவதுதான் அன்றும் இன்றும் வேலை.

சிப், மென்பொருள் என்று இதே தொழிலில் இருக்கும் நமக்கு இந்த வாழ்க்கையில் எடுத்துக்கொள்ள இன்னும் இருக்கிறது. நிறுவனங்கள் வாங்கப்படும், விற்கப்படும், திவாலாகும். அட்டாரியும் கொமடோரும் அன்றைய வடிவில் இன்று இல்லை. ஆனால் 2600இன் சிப்புக்கு இன்னமும் புதிய விளையாட்டு எழுதுபவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நேரம் கிடைத்தால் பிள்ளைகளை மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம். படம் மங்கலாக இருக்கிறது, இதைவிடப் பெரிய கன்சோல் வாங்கித் தாருங்கள் என்று அவர்கள் கேட்கும்போது, 128 பைட் மெமரி இருந்த பெட்டியில் 36 எதிரிகள் எப்படி வந்தார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். விடையைத் தேட ஆரம்பிக்கும் பிள்ளை, விளையாடுவதோடு நிற்காது.